பாகுபாடு என்னும் பங்கீடு: அமெரிக்கச் சமுதாயம் குறித்து ஒரு சிந்தனை

முன்னுரை

சமத்துவத்தை எழுத்தில் முழங்கிய நாடுகளுள் அமெரிக்க ஐக்கிய நாடு முன்வரிசையில் நிற்பது. மாந்தர் யாவரும் சமம் என்னும் கோட்பாட்டை 1776ஆம் ஆண்டிலேயே தன் விடுதலை அறிக்கையில் அது பொறித்து வைத்தது. அதே நாடு தோலின் நிறத்தை அளவுகோலாகக் கொண்டு மக்களைப் பிரித்து வைத்த வரலாறும் உலகறிந்ததே. இவ்விரண்டும் ஒரு நாட்டிற்குள் எவ்வாறு இயைந்திருந்தன என்பது ஒரு வினா. அதனினும் கூரிய வினா மற்றொன்று உண்டு. பிரித்து வைத்த சட்டங்கள் நீக்கப்பட்டு அரை நூற்றாண்டிற்கு மேல் கடந்த பின்னும் பாகுபாடு ஏன் நீங்கவில்லை என்பதே அவ்வினா.

பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என 1954இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1964இல் குடிமை உரிமைச் சட்டமும், 1965இல் வாக்குரிமைச் சட்டமும், 1968இல் வீட்டுவசதிச் சட்டமும் நிறைவேறின. 2008, 2012 ஆகிய இரு தேர்தல்களிலும் பராக் ஒபாமா குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவற்றை எண்ணுவோர், "இனி அங்கே பாகுபாடு ஏது?" என்பர். 2020 மே 25ஆம் நாள் மினியாபொலிஸ் நகரத் தெருவில், காவலர் ஒருவரின் முழங்கால் கழுத்தை அழுத்த, ஜார்ஜ் ஃபிளாய்டு உயிர்நீத்த காட்சியைக் கண்டோர், "அங்கே எதுவும் மாறவில்லை" என்பர். இரு கூற்றும் முழுமையானவை அல்ல. பாகுபாட்டை உள்ளத்தின் வெறுப்பாக மட்டுமே கொள்வதால் இவ்விரு முடிவுகளும் பிறக்கின்றன. வெறுப்பு அதன் ஒரு கூறே; அதன் உடலாக இருப்பது பங்கீடு. இதுவே ஈண்டு நாம் நிறுவ முனையும் கருத்தாகும்.

நம் கல்லூரிகளில் பயின்ற இளைஞர் பலர் மேற்படிப்பை நாடியும் பணியை நாடியும் அந்நாட்டிற்குச் செல்கின்றனர். செல்லும் நாட்டின் ஊதியத்தை அறிந்த அளவிற்கு அதன் உள்ளமைப்பை அவர்கள் அறிந்திருத்தலும் வேண்டும் அன்றோ?

சொல்லும் பொருளும்

வேறுபாடு, வேற்றுமை, பாகுபாடு ஆகிய மூன்றையும் நாம் ஒருபொருட் சொற்களாகவே வழங்கி வருகிறோம். நுணுகி நோக்கின் அவற்றிடையே இடைவெளி புலப்படும். வேறுபாடு இயற்கையில் அமைவது. ஒருவர் கறுத்திருத்தலும் மற்றொருவர் வெளுத்திருத்தலும் வேறுபாடு. அதனால் எவர்க்கும் தீங்கில்லை. வேற்றுமை பாராட்டுதல் என்னும்போது மனம் வந்து புகுகிறது; 'அவன் வேறு, நான் வேறு' என்னும் எண்ணம் அங்கே தோன்றுகிறது. பாகுபாடோ 'பகு' என்னும் அடியோடு தொடர்புடையது. பகுதி, பகிர்வு, பங்கு ஆகியனவும் அவ்வடியின் கிளைகளே. வகைப்படுத்திப் பிரித்தலைக் குறிக்க நூலார் ஆண்ட அச்சொல், இன்று ஓரவஞ்சனையைக் குறிக்கும் சொல்லாக வழங்குகிறது. எவர்க்கு எவ்வளவு, எவர்க்கு ஒன்றுமே இல்லை என்று அறுதியிடும் செயலை அச்சொல் தனக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

இதனை மனங்கொள்ளுதல் இன்றியமையாதது. வெறுப்பு ஒரு மனிதரின் உள்ளத்தில் பிறந்து அவரோடு மடியக்கூடும். பங்கீடு அவ்வாறு மடிவதில்லை. நிலமாகவும் வீடாகவும் கல்வியாகவும் வங்கிக் கணக்காகவும் அது பிள்ளைகளைச் சென்றடைகிறது. பங்கு பெறாதவரின் பிள்ளைகளுக்கோ அந்த இல்லாமையே மரபுரிமையாகிறது. வெறுத்தவரும் வெறுக்கப்பட்டவரும் மண்ணுக்குள் சென்ற பின்னும் இக்கணக்கு தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் இக்கொடுமைக்கு ஆளானோர் பலதிறத்தார். பூர்வகுடி மக்கள் தம் மண்ணிலிருந்தே விரட்டப்பட்டனர். சீனத் தொழிலாளர் குடியேற 1882இல் சட்டத்தால் தடை விதிக்கப்பட்டது. இவை தனித்தனியே விரித்துரைக்கத் தக்கன. விரிவஞ்சி, ஆப்பிரிக்க வழிவந்த கறுப்பினத்தவர் நிலையையே நாம் இங்கு நடுவாக வைத்துக் காண்போம்.

எழுத்தும் விலங்கும்

1619ஆம் ஆண்டு வர்ஜீனியாக் கரையில் ஏறத்தாழ இருபது ஆப்பிரிக்கர் கொண்டுவந்து இறக்கப்பட்டனர். 1860ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அடிமைகளின் தொகை 40 இலட்சத்தை நெருங்கியிருந்தது. சமத்துவ அறிக்கையை வரைந்த தாமஸ் ஜெபர்சனே தம் வாழ்நாளில் 600க்கு மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். 1787இல் வரையப்பெற்ற அரசியலமைப்பு, மக்களவை இடங்களுக்காக மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமை மக்களின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கை மட்டும் சேர்த்துக் கொண்டது. வாக்களிக்கும் உரிமை அவர்க்கு இல்லை. ஆயினும் அவர்தம் தலைகளை எண்ணியதால், அவரை விலங்கிட்ட மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்கள் கிட்டின. பங்கீட்டின் தொடக்கமே இவ்வாறு அமைந்தது.

உடலுழைப்பைப் பறித்த அச்சமுதாயம் எழுத்தறிவையும் தடுத்தது. அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதைத் தென் கரோலினா 1740இலேயே தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. அடிமையாகப் பிறந்து பின்னர் உரிமைப் போராளியாக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். பால்டிமோர் நகரில் அவர் வாழ்ந்த வீட்டின் தலைவி அவருக்கு எழுத்துகளைச் சொல்லித்தரத் தொடங்கினார். அதனை அறிந்த கணவர் உடனே தடுத்துவிட்டார். படித்தவன் அடிமையாக இருக்க இசையான் என்பதே அவரது அச்சம். டக்ளஸ் பின்னர்த் தெருவில் கண்ட வெள்ளைச் சிறுவரோடு நட்புக்கொண்டு, அவர்கள் வழியே எழுத்தறிவை வளர்த்துக்கொண்டார்.

உமர் இப்னு சயீத் என்பாரின் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. இன்றைய செனகல் நாட்டுப் பகுதியில் பிறந்து, பல்லாண்டுகள் மார்க்கக் கல்வி பயின்ற அவர், 1807இல் அடிமையாகச் சார்லஸ்டன் துறைமுகத்திற்குக் கொண்டுவரப்பட்டார். 1831இல் அரபு மொழியில் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அக்கையெழுத்துப்படி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பேணப்படுகிறது. ஆப்பிரிக்கர் அறிவற்றவர், ஆதலின் ஆளப்படத் தக்கவர் என்று வாதிட்ட ஒரு சமுதாயத்தின் நடுவே, அவ்வாதத்தைப் பொய்யாக்கும் சான்று அடிமை ஒருவரின் கையாலேயே எழுதப்பட்டது.

1865இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அவ்வாண்டு சனவரியில் படைத்தலைவர் ஷெர்மன் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடாக் கடலோரத்து நிலங்களை, விடுதலை பெற்ற குடும்பத்திற்கு 40 ஏக்கருக்கு மேற்படாமல் பிரித்தளிக்க அது வழிசெய்தது. ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்துப் பதவியேற்ற ஆண்ட்ரூ ஜான்சன், அவ்வாண்டு முடியுமுன்னரே அந்நிலங்களைப் பழைய உடைமையாளர்க்கே திருப்பித்தர ஆவன செய்தார். 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டத்தின்கீழ் மேற்கே சென்று குடியேறியோர்க்கு அரசே 160 ஏக்கர் வரை வழங்கிக்கொண்டிருந்த காலம் அது. அந்நிலத்தைப் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். ஒரு சாரார்க்கு நிலத்தோடு கூடிய உரிமை; மறு சாரார்க்கு நிலமற்ற விடுதலை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவரின் கையில், வெளியேறும்போது ஒன்றும் இல்லை.

நிறம் தீட்டிய வரைபடம்

தனித்தனியே வைத்தாலும் சமமாக வைத்தால் குற்றமில்லை என்று 1896இல் உச்சநீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பின் நிழலில் தென் மாநிலங்களில் பள்ளி, தொடர்வண்டி, உணவகம், குடிநீர்க் குழாய் யாவும் பிரிக்கப்பட்டன. இக்கொடுமையைப் பலரும் அறிவர். ஆயின் இத்தகைய அறிவிப்புப் பலகைகள் மிகுதியாக இல்லாத வட மாநிலங்களிலும், அரசு அலுவலகக் கோப்புகளுக்குள் மற்றொரு பிரிவினை ஓசையின்றி நடந்தேறியது. இன்றைய நிலைக்கு அதன் பங்கு பெரிது.

1930களின் பொருளாதாரப் பெருவீழ்ச்சியில் வீட்டுக் கடன் கட்ட இயலாது தவித்தோரைக் காக்க, 1933இல் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. அந்நிறுவனம் 200க்கு மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடங்கள் ஆயத்தம் செய்தது. கடன் கொடுக்க ஏற்ற பகுதிகளுக்குப் பச்சை, அடுத்த நிலைக்கு நீலம், அதற்கும் கீழ் மஞ்சள், இடர்மிக்க பகுதிகளுக்குச் சிவப்பு என நான்கு வண்ணங்கள் தீட்டப்பட்டன. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் வீழ்ந்தன. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வங்கிகள் தரும் வீட்டுக் கடனுக்கு அரசின் காப்புறுதியை அளித்தது. குறைந்த முன்பணம், நீண்ட தவணை, குறைந்த வட்டி ஆகிய வசதிகள் சாதாரணத் தொழிலாளிக்கும் கிட்டின. ஆனால் கறுப்பினத்தவர் குடியேறும் பகுதியில் வீட்டின் மதிப்புக் குறையும் என்று அந்நிர்வாகத்தின் வழிகாட்டி நூலே கருதியது. நிறம் பார்த்து விற்கும் ஒப்பந்த விதிகளையும் அது பரிந்துரைத்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் லெவிட்டவுன் என்னும் புறநகர் 1947 முதல் எழுந்தது. 17,000க்கு மேற்பட்ட வீடுகள். போரிலிருந்து மீண்ட வீரர்களுக்கு அரசின் உதவியோடு அவை வழங்கப்பட்டன. வெள்ளையரல்லாதார் அங்குக் குடியிருத்தல் கூடாது என்று ஒப்பந்தத்தில் விதி இருந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றம் நடைமுறைப்படுத்தலாகாது என 1948இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரும், வேறு வழிகளில் அத்தடை நீண்டகாலம் தொடர்ந்தது.

எண்ணிப் பார்ப்போம். ஒரே போரில், ஒரே நாட்டிற்காகப் போரிட்ட இரு வீரர்கள் 1945இல் ஊர் திரும்பினர் எனக் கொள்வோம். ஒருவர் அரசுக் காப்புறுதியுடன் கடன் பெற்று வீடு வாங்குகிறார். முப்பது ஆண்டுகளில் கடன் தீர்கிறது. வீட்டின் விலை பன்மடங்காகிறது. அதனை ஈடுவைத்து மகனைப் படிக்க வைக்கிறார். இறக்கும்போது வீட்டை விட்டுச் செல்கிறார். மற்றவர் அதே முப்பது ஆண்டுகளும் வாடகை கட்டுகிறார். அவர் உழைப்பும் குறைவில்லை; சிக்கனமும் குறைவில்லை. ஆயினும் அவர் விட்டுச் செல்வது வாடகைச் சீட்டுகளையே. 1968இல் சட்டம் வந்து, "இனி எவரும் எங்கும் வாங்கலாம்" என்கிறது. அதற்குள் வீட்டின் விலை அவர் மகனுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது.

இதன் விளைவை எண்களில் காணலாம். அமெரிக்க மைய வங்கி அமைப்பு நடத்திய குடும்ப நிதி ஆய்வின்படி, 2022இல் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து மதிப்பு 2,85,000 டாலர்; கறுப்பினத்தவர் குடும்பத்தின் மதிப்பு 44,900 டாலர். ஆறு மடங்கிற்கும் மேற்பட்ட இடைவெளி இது. இதனைத் தோற்றுவிக்க இன்று எவரும் எவரையும் வெறுக்க வேண்டுவதில்லை. பழைய பங்கீடு வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தாலே போதும்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு

இவ்விடைவெளி வீட்டோடு நிற்பதில்லை. அமெரிக்கப் பொதுப்பள்ளிகளின் வருவாயில் கணிசமான பகுதி அந்தந்த வட்டாரத்துச் சொத்து வரியிலிருந்து வருவது. விலைமிகுந்த வீடுகள் உள்ள வட்டாரத்தில் வரி மிகும். பள்ளிக்கு நல்ல ஆய்வுக்கூடமும் நூலகமும் தேர்ந்த ஆசிரியரும் அமைவர். வறிய வட்டாரத்தில் மக்கள் கூடுதல் விழுக்காட்டில் வரி செலுத்தினும் திரளும் தொகை சிறிதே. டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரில், மெக்சிகோ வழிவந்த மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஒரு வட்டாரத்துப் பெற்றோர் இதனை எதிர்த்து வழக்காடினர். 1973இல் உச்சநீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்னும் பெரும்பான்மையில், இம்முறை அரசியலமைப்பிற்கு முரணன்று எனத் தீர்ப்பளித்தது. பள்ளிக் கதவில் நிறத்தின் பெயரால் தடை இல்லை. ஆனால் அப்பள்ளி அமைந்த வட்டாரத்தை வகுத்ததில் நிறம் தன் வேலையை முன்னரே முடித்துவிட்டது. ஆசிரியராகிய நாம் ஊன்றி நோக்க வேண்டிய இடம் இதுவே.

பெயரும் தண்டனையும்

படித்து முடித்து வேலைக்கு விண்ணப்பிக்கும் நிலையைக் காண்போம். தமிழ்நாட்டில் பிறந்து இளமையிலேயே அமெரிக்கா சென்று பொருளியல் அறிஞராக உயர்ந்த செந்தில் முல்லைநாதனும், மரியான் பெர்ட்ராண்டு என்னும் அறிஞரும் இணைந்து ஓர் ஆய்வு நிகழ்த்தினர். பாஸ்டன், சிகாகோ ஆகிய நகரங்களில் வெளிவந்த வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்களை அனுப்பினர். தகுதிகள் ஒத்தவை. சிலவற்றில் வெள்ளையர் பெயர். சிலவற்றில் கறுப்பினத்தவர் சூட்டிக்கொள்ளும் பெயர். 2004இல் வெளியான முடிவு, வெள்ளையர் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்குச் சற்றேறக்குறைய 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்ததைக் காட்டியது. முகம் காணவில்லை, குரல் கேட்கவில்லை, பெயர் ஒன்றே போதுமானதாயிற்று. வாடகைக்கு வீடு கேட்டுச் சென்று, பெயரைச் சொன்ன அளவில், "வீடு கொடுத்தாகிவிட்டது" என்னும் மறுமொழியைப் பெற்ற அனுபவம் உடையோர்க்கு இவ்வாய்வின் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத சட்டமும் பாகுபாட்டை விளைவிக்கக்கூடும் என்பதற்கு 1986ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் சான்று. கொக்கைன் என்னும் ஒரே நச்சுப்பொருள் தூளாகவும் கட்டியாகவும் விற்கப்பட்டது. தூளாயின் 500 கிராமும் கட்டியாயின் 5 கிராமும் வைத்திருந்து விற்க முயன்றோர்க்கு ஒரே அளவான ஐந்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை விதிக்கப்பட்டது. கட்டி வடிவிற்காகத் தண்டனை பெற்றோருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010இல் இவ்விகிதம் நூற்றுக்கு ஒன்று என்பதிலிருந்து பதினெட்டுக்கு ஒன்று எனக் குறைக்கப்பட்டது. முற்றிலும் நீக்கப்படவில்லை.

மனமாற்றம் மட்டும் போதுமா?

மக்கள் மனம் மாறினால் யாவும் மாறும் என்பது நல்லோர் பலரின் நம்பிக்கை. இதனை எண்ணிப் பார்க்க மால்கம் எக்ஸ் வாழ்வு துணைசெய்யும். வெள்ளையர் அனைவரையும் தீயோராகக் கருதிய இயக்கத்திலிருந்து விலகி, 1964 ஏப்ரலில் அவர் ஹஜ் பயணம் மேற்கொண்டார். மக்காவில் எல்லா நிறத்தாரும் ஒரே தட்டில் உண்டு, ஒரே வரிசையில் நின்று வணங்கக் கண்டார். வெள்ளை நிறம் தன்னளவில் தீமையன்று என்னும் தெளிவு அவருக்குப் பிறந்தது. அதனை மடல்களில் வெளிப்படையாக எழுதினார். இவ்வளவையும் நம்மவர் பலரும் எடுத்துரைப்பர். அதன்பின் அவர் செய்ததை எடுத்துரைப்போர் சிலரே. நாடு திரும்பிய அவர் போராட்டத்தைக் கைவிடவில்லை. தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட மனித உரிமைகளை ஐக்கிய நாடுகள் அவையின் முன் வைக்க முயன்றார். தம் உள்ளத்து வெறுப்பு நீங்கியதனாலேயே மக்களின் வழக்கு தீர்ந்துவிடாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1965 பிப்ரவரி 21ஆம் நாள் நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மார்ட்டின் லூதர் கிங் பெற்ற அனுபவமும் இதற்கு அரண் செய்கிறது. தென் மாநிலங்களில் உணவகத்தில் அமரவும் வாக்களிக்கவும் உரிமை கேட்டு அவர் போராடியபோது வட மாநிலத்து வெள்ளையர் பலர் ஆதரவளித்தனர். 1966இல் அவர் சிகாகோ நகரத்து வறியோர் பகுதியில் குடியேறி, வெள்ளையர் வாழும் தெருக்களிலும் வீடு வாங்கும் உரிமை வேண்டும் என்று ஊர்வலம் சென்றார். ஆகஸ்ட் 5ஆம் நாள் எறியப்பட்ட கல் அவர் தலையைத் தாக்கியது. தெற்கிலும் இத்தகைய பகையைத் தாம் கண்டதில்லை என்று அவர் வருந்தினார். தொலைவிலிருப்போர் உரிமையை ஆதரிப்பது எளிது. தம் தெருவில் பங்கு கேட்கும்போதுதான் மனத்தின் உண்மை வெளிப்படுகிறது. வீட்டுவசதிச் சட்டம் நாடாளுமன்றத்தில் இழுபறியாக இருந்தது. 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில், துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநிற்கச் சென்ற இடத்தில் கிங் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11ஆம் நாள் அச்சட்டம் கையெழுத்தாகியது.

கடனும் பாகப்பிரிவினையும்

"முன்னோர் செய்த பிழைக்கு இன்றையோர் ஏன் பொறுப்பேற்க வேண்டும்?" என்பது அமெரிக்காவில் அடிக்கடி எழும் வினா. புறந்தள்ளத் தக்க வினா அன்று அது. இன்று வாழும் வெள்ளையர் எவரும் அடிமைகளை வைத்திருந்தவர் அல்லர். பெருஞ்செல்வம் இல்லாத வெள்ளையரும் கோடிக்கணக்கில் உளர். நிறத்தைக் கருதிச் சலுகை வழங்குவதும் ஒருவகைப் பாகுபாடே என்று வாதிடுவோரும் உளர். 2023இல் உச்சநீதிமன்றம், பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளும் முறையைச் செல்லாது என்றது இவ்வாதத்தின் வழியிலேயே.

ஆயினும் ஒன்று நினைக்கத்தக்கது. இறந்தவரின் கடனைத் தீர்த்த பின்னரே சொத்தைப் பங்கிட வேண்டும் என்பது நம் பெரியோர் நன்கறிந்த முறை. பிள்ளை கடன் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் கடனோடு சேர்ந்து வந்த சொத்தை அவன் ஏற்கிறான். குற்றத்தின் பழி வாரிசைச் சேராது. அடைக்கப்படாத கடனோ சொத்தைவிட்டு அகலாது. பழியையும் கடனையும் பிரித்தறியாமையே அமெரிக்க விவாதத்தை முன்னே செல்லவிடாமல் தடுக்கிறது என்பது நம் கருத்து. தனி மனிதரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமலே, நாடு என்னும் பொதுக் குடும்பம் தன் கடனைக் கணக்கிடக் கூடும்.

அந்நாடு அவ்வாறு செய்ததும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வழிவந்த ஏறத்தாழ 1,20,000 பேர், 1942இல் பிறந்த ஓர் ஆணையைத் தொடர்ந்து, வீடும் கடையும் இழந்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1988இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. உயிரோடிருந்தோர் ஒவ்வொருவர்க்கும் 20,000 டாலர் ஈடு வழங்கியது. மறு ஆண்டே, அடிமை முறைக்குரிய ஈட்டைக் குறித்து ஆராய ஒரு குழு அமைக்க வேண்டும் என்னும் மசோதாவை ஜான் கானியர்ஸ் என்னும் உறுப்பினர் முன்மொழிந்தார். ஈடு தருவதைப் பற்றி ஆராயவே கேட்ட அம்மசோதா, மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்டும் சட்டமாகவில்லை.

நமக்கு உள்ள தொடர்பு

இவ்வரலாற்றில் நம் நாட்டவர்க்கும் இடமுண்டு. பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத்சிங் திந்து என்பார் அந்நாட்டுக் குடியுரிமை கோரினார். வெள்ளையர் என்னும் சொல்லுக்குள் இந்தியர் அடங்கார் என 1923இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல்தான் அத்தடை நீங்கியது. அப்போதும் ஆண்டிற்கு 100 இந்தியர்க்கே குடியேற இடம் தரப்பட்டது. இக்கட்டை அகற்றிய குடியேற்றச் சட்டம் 1965இல் வந்தது. நிறத்தாலும் பிறந்த நாட்டாலும் மனிதரை நிறுத்துப் பார்ப்பது தவறு என்னும் உணர்வைக் கறுப்பினத்தவர் போராட்டம் நாடெங்கும் எழுப்பியிருந்த காலம் அது. இன்று நம் இளைஞர் நுழையும் கதவைத் திறந்ததில், காவல்நாய்களின் கடியையும் சிறையையும் ஏற்ற அம்மக்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

சட்டத்தின் பயனும் அவ்வாறே பரவியது. ஓக்லஹோமா மாநிலத்தில் ஹிஜாப் அணிந்து வேலைக்கு வந்த இளம்பெண் ஒருவர்க்குத் துணிக்கடையொன்று வேலை மறுத்தது. 2015இல் உச்சநீதிமன்றம் அப்பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பிற்கு அடிப்படையாக நின்றது 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டமே.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் தகாது. 1959இல் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில், தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகள் பயின்ற பள்ளிக்குச் சென்றார். அப்பள்ளித் தலைவர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்ட கிங், தம் மக்களின் நிலையை எண்ணிப் பார்த்து, அது உண்மையே என்று ஏற்றுக்கொண்டதைப் பின்னர்க் கூறினார். நம் நாட்டுக் கொடுமையை அளவுகோலாக வைத்து அவர் தம் நாட்டை அளந்தார். அந்தக் கொடுமை இப்போது கடல் கடந்தும் சென்றுள்ளது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது. அமெரிக்க நகரங்களுள் இதுவே முதலாவது. அவ்வாண்டே கலிபோர்னியாச் சட்டமன்றம் நிறைவேற்றிய இத்தகைய மசோதாவை, இருக்கும் சட்டங்களே போதுமானவை என்று கூறி ஆளுநர் ஏற்க மறுத்தார். நிறத்தால் ஒதுக்கப்பட்டோர் குருதி சிந்தித் திறந்த கதவின் வழியே சென்று, அங்கே பிறப்பைக் கேட்டு மனிதரை ஒதுக்குவார் உளராயின், அவர் கற்ற கல்வியால் யாது பயன்?

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று தெளிவாகும். சட்டம் மாறிய நாளில் பாகுபாடு முடிவதில்லை. மனம் மாறிய நாளிலும் முடிவதில்லை. இழந்த பங்கு வந்து சேரும் நாளிலேயே அது முடியும். சட்ட மாற்றமும் மன மாற்றமும் அந்நாளை நோக்கிய படிகள். படிகளையே மேடை எனக் கருதி நின்றுவிட்டதால்தான் அமெரிக்கச் சமுதாயம் இன்றும் தடுமாறுகிறது.

அமெரிக்கா செல்லும் மாணவர்க்கு நாம் கூற விழைவது இது. நீங்கள் குடியேறும் தெரு யாருக்கு மறுக்கப்பட்ட தெரு என்று ஒருமுறை வினவுங்கள். உடன் பணிபுரியும் கறுப்பினத்து நண்பரை அந்நாட்டுச் செய்தித்தாளின் குற்றப் பக்கத்தைக் கொண்டு அளவாதீர்கள். உங்கள் வரவிற்கு வழி வகுத்தவரின் பேரப்பிள்ளையாக மதியுங்கள்.

இங்கேயே வாழவிருக்கும் மாணவர்க்கும், சமுதாயப் பெரியோர்க்கும் நாம் கூறுவதும் அதுவே. கல்வியில் பங்கு கிட்டாதோர்க்கு அப்பங்கைச் சேர்ப்பதற்கென்றே நம்முடையவை போன்ற கல்லூரிகள் எழுப்பப்பட்டன. எழுத்து மறுக்கப்பட்டவர் என்ன ஆவர் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின், எவரையும் நாம் வெறுக்கவில்லை என்று மனநிறைவு கொள்வதோடு நம் கடமை தீராது. நம் சேர்க்கைப் பட்டியலில் யார் இல்லை? நம் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டு யார் திரும்பிச் சென்றார்? நம் நிறுவனத்தில் கடைநிலைப் பணியைத் தவிர வேறு பணி எவர்க்குக் கிட்டவில்லை? பாகுபாட்டை அளக்கும் வினாக்கள் இவையே. அமெரிக்காவை நோக்கி இவற்றை எழுப்பும் நாம், நம் வாயிலிலும் இவற்றை எழுப்பி விடை காண்போமாக!